என் பெயரைக் கூப்பிடும் வகுப்பு

“வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கற?”

ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் எடுத்த சாந்தாமணி டீச்சர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அதற்கு முன்னால் அவர் கேட்டது வேறு கேள்வி. பனிக்கட்டி தண்ணீரில் ஏன் மிதக்கிறது? அதற்கு எனக்குப் பதில் தெரியும். தண்ணீர் உறையும்போது விரிகிறது. அதே எடை கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதனால் மிதக்கிறது. மனசுக்குள் வரிவரியாக இருந்தது. தொண்டைக்கு வந்ததும் நின்றுவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் சொற்கள் பயந்து உள்ளே ஓடிவிடும்.

கொழுக்கட்டை என்றதும் வகுப்பே சிரித்தது. “குயிலு இன்னைக்குக் கூவலைங் டீச்சர்!” என்று பின் பெஞ்சிலிருந்து தீபன் கத்தினான். என் பெயர் கோகிலவாணி. சிரிப்பு இன்னும் பெரிதானது. கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நின்ற விளக்கில் பச்சை விறுவிறுவென்று ஏறி உச்சியைத் தொட்டது. அதுவரை எங்கள் வகுப்பில் பச்சை உச்சியைத் தொட்டதே இல்லை.

டீச்சர் அந்தக் கேள்வியை ஒரே ஒரு முறைதான் கேட்டார். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் இயந்திரம்.

இயந்திரத்தின் பெயர் ‘விழிப்பு’. அந்த வருடம் ஜூனில்தான் எங்கள் பள்ளிக்கு வந்தது. கழுத்தில் மாட்டும் அடையாள அட்டைக்குள் ஒரு சில்லு. ஒவ்வொரு மேசையிலும் கடுகளவு கேமரா. ஆசிரியர் காதில் ஒரு பொத்தான். பெற்றோரை எல்லாம் கூட்டி வைத்து, கம்பெனியிலிருந்து வந்த இளைஞர் விளக்கம் சொன்னார். அம்மா வேலைக்குப் பாதி நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“ஏனுங் தம்பி, பையன் தூங்குனா அது அடிக்குமுங்களா?” என்று ஒருவர் ஆசையோடு கேட்டார்.

“அடிக்காதுங்க ஐயா. யார் கவனிக்கறாங்க, யார் கவனிக்கலைன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். கவனம் இறங்குனா விளக்கு இறங்கும். உடனே டீச்சர் காதுல, இப்ப இதைச் செய்யுங்கன்னு சொல்லும்.”

“எங்க பனியன் கம்பெனியில மெசினுக்கு மேல லைட்டு இருக்குதுங். பீஸ் கொறஞ்சா செவப்பு எரியும். அதுதானுங்களா இது?” என்று கேட்டாள் அம்மா.

“அதேதாங்க மேடம்!” என்றார் அவர் சந்தோஷமாக.

“என்ன செஞ்சா புள்ளைங்க முழிப்பாங்கன்னு அதுக்கு ஆருங் சொல்லித் தருவாங்க?”

“யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. டீச்சர் என்ன செய்றாங்க, விளக்கு எப்ப ஏறுது, ரெண்டையும் சேர்த்துப் பார்த்து அதுவே கத்துக்கும். எதைச் செஞ்சா ஏறுதோ அதையே மறுபடி செய்யச் சொல்லும். அவ்வளவுதான்.”

எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா தட்டவில்லை. அவளுக்கு ‘மறுபடி’ என்ற சொல் பிடிக்கவில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

பையன்கள் அதற்குப் ‘பெரியப்பா’ என்று பெயர் வைத்தார்கள். “டேய், பெரியப்பா பாக்குறாரு, நேரா உக்காருடா” என்பார்கள். முதல் சில வாரம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

சாந்தாமணி டீச்சரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரியப்பா வருவதற்கு முன்னால் அவர் வகுப்பில் யாரும் தூங்கியதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தினமும் பலகையில் வேண்டுமென்றே எதையாவது தப்பாக எழுதுவார். எங்கே எழுதுவார் என்று தெரியாது. ஒரு கணக்கின் நடு வரியில் இருக்கும், ஒரு படத்தில் அம்புக்குறி தலைகீழாக இருக்கும். நாங்கள் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருப்போம். கண்டுபிடித்தவன், “தப்புங் டீச்சர்!” என்று கத்துவான். டீச்சர் நெற்றியில் அடித்துக்கொள்வார். “அடப் பாவத்தே, எனக்கு வயசாயிருச்சாட்ட இருக்குதே!” என்பார். வகுப்பு முழுக்க அவரைப் பார்த்துச் சிரிக்கும். அவரும் சிரிப்பார். கண்டுபிடித்தவனுக்கு ஒரு வண்ணச் சாக்பீஸ்.

என்னால் கத்த முடியாது என்று அவருக்குத் தெரியும். “உனக்குத் தெரிஞ்சா பெஞ்சுல ரெண்டு தட்டுத் தட்டு கண்ணு, போதும்” என்று ஏழாம் வகுப்பிலேயே காதோடு சொல்லியிருந்தார். நான் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவேன். டீச்சர் அங்கும் இங்கும் பார்ப்பார். “ஆரோ கதவத் தட்டறாங்க. என்னமோ தப்பு நடந்துபோச்சாட்ட இருக்குது” என்பார். வண்ணச் சாக்பீஸ்களை நான் ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். பச்சைதான் அதிகம்.

பெரியப்பாவுக்கு இந்த விளையாட்டுப் பிடிக்கவில்லை. பாடத்தில் தப்பு எழுதினால் அது ‘ஆசிரியர் பிழை’. காதில் பீப் அடிக்கும். மாதக் கடைசியில் டீச்சரின் கணக்கில் சிவப்பு விழும். டீச்சர் பல வருடமாகத் தொகுப்பூதியத்தில் இருப்பவர். சிவப்பு சேர்ந்தால் அடுத்த வருடம் ஒப்பந்தம் கிடையாது. அவர் தப்பு எழுதுவதை நிறுத்தினார். வகுப்பு தூங்க ஆரம்பித்தது. விளக்கு இறங்க ஆரம்பித்தது. காதுப் பொத்தான் நச்சரித்தது. அப்படி ஒரு நாள் மத்தியானம்தான் அவர் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டார். நான் நின்றேன். அவருக்கு எரிச்சல் வந்தது. கொழுக்கட்டை வந்தது.

இயந்திரம் தானாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. டீச்சர்தான் காட்டிக்கொடுத்தார்.

மறுநாள் கணக்குப் பாடத்தில் விளக்கு இறங்கியது. கணக்கு சார் காதில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, “கோகிலவாணி, எந்திரி” என்றார். அவருக்கு என்னை அதற்கு முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பழக்கமே கிடையாது. எழுந்தேன். வகுப்பு திரும்பிப் பார்த்தது. விளக்கு ஏறியது.

தமிழ்ப் பாடத்திலும் கூப்பிட்டார்கள். சமூக அறிவியலிலும் கூப்பிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் பாடத்தில் கட்டாயம் கூப்பிட்டார்கள். ஆசிரியர்களில் சிலர் கேள்வி கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்தார்கள். பச்சை போதுமான அளவு ஏறியதும், “சரி, உக்காரு” என்பார்கள். அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்ப்பவர்கள் மாதிரி. நான் பால் அல்ல, அடியில் எரியும் விறகு.

கொஞ்ச நாளில் வகுப்புக்கே தெரிந்துவிட்டது. விளக்கு பாதிக்குக் கீழே வந்தாலே, “இப்பக் கூப்புடுவாங்க பாரு” என்று பின்னால் கிசுகிசுப்பார்கள். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்வார்கள். நான் எழுவதற்கு முன்பே விளக்கு ஏறத் தொடங்கிவிடும். பாடத்துக்காக இல்லை. எனக்காக. கவனம் என்றால் கவனம்தானே? எதன் மேல் என்று பெரியப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் தட்டிக் கேட்கவில்லை.

எங்கள் பள்ளி கவனத்தில் மாவட்டத்திலேயே முதலிடம் வந்தது. தலைமை ஆசிரியர் குழந்தைவேலு சார் ஒரு கேடயம் வாங்கி வந்து காலை வணக்கத்தில் தூக்கிக் காட்டினார். “இது உங்க எல்லாருக்கும் சொந்தம்” என்றார். யாருக்குச் சொந்தம் என்று எனக்குத் தெரியும்.

அரையாண்டுத் தேர்வில் அதே கேள்வி வந்தது. பனிக்கட்டி ஏன் தண்ணீரில் மிதக்கிறது? என் பக்கத்தில் உட்காரும் யாஸ்மின் வெளியே வந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். “அந்தப் பாடம் நடந்தப்ப உன்னையக் கேட்டது, கொழுக்கட்டை, சிரிச்சது எல்லாம் ஞாபகம் இருக்குதுடி. பதில் மட்டும் சுத்தமா ஞாபகமில்ல.” வகுப்பில் பாதிப் பேர் அந்தக் கேள்விக்கு ஒன்றும் எழுதவில்லை. அன்றைக்கு விளக்கு உச்சியில் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

காலையில் சீருடையைப் பார்த்தாலே எனக்கு வாந்தி வரத் தொடங்கியது. அம்மா முதலில் திட்டினாள், பிறகு கோயிலுக்குக் கூட்டிப்போனாள், பிறகு மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். “என்னடி ஆச்சு, வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்!” என்று ஒரு நாள் அழுதுவிட்டாள். வாய் திறந்து சொல்ல முடிந்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காதே. ஒரு பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி அவள் மடியில் வைத்தேன். படித்துவிட்டு நோட்டை மூடினாள். “இனி நீ போக வேண்டாம் சாமி” என்றாள்.

விடுமுறை முடிந்தும் நான் போகவில்லை. அம்மா கம்பெனியிலிருந்து கொண்டுவரும் பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டு வீட்டில் இருந்தேன். வீட்டில் யாரும் என் பெயரைத் திடீரென்று கூப்பிடவில்லை. வாந்தி நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாஸ்மின் வந்தாள். கொஞ்ச நேரம் என்னோடு சேர்ந்து பிசிறு வெட்டினாள். பிறகு கத்தரியைக் கீழே வைத்தாள்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.”

நான் தலையாட்டினேன்.

“உன் பேர இன்னும் கூப்புடுறாங்கடி.”

நான் அவளைப் பார்த்தேன்.

“நீ வராம நின்னதும் லைட்டு அடியில போயிருச்சு. பெரியப்பா ஒவ்வொருத்தரா எழுப்பிப் பாத்தாரு. தீபனை எழுப்புனா அவன் பாட்டுக்கு ஏதோ உளறுறான், யாரும் சிரிக்கல. அப்பறம் ஒரு நாள், உன் பேரு ரிஜிஸ்டர்ல இன்னும் இருக்குதில்ல, சாந்தாமணி டீச்சர் காதுல உன் பேரு வந்திருச்சு. அவங்க பழக்கத்துல கூப்புட்டுட்டாங்க. காலி சீட்டு. எல்லாரும் திரும்பிப் பாத்தோம். தீபன், ‘ங்ங்... ங்ங்...’னு உன்னாட்டம் முக்குனான்.” அவள் நிறுத்தினாள். “அன்னைக்கு நீ இருந்தப்ப சிரிச்சத விட நெம்பச் சிரிச்சாங்க. லைட்டு உச்சிக்குப் போயிருச்சு.”

“அப்புறம்?” அவளிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும்.

“அப்புறம் என்ன, டெய்லி அதுதான். உன் சீட்டுல யாரும் உக்காரக் கூடாதாம். பை கூட வெக்கக் கூடாது. உன் பேரக் கூப்புட்டதும் முதல்ல சீட்டப் பாக்குறாங்க, அப்பறம் பக்கத்துல இருக்கற என்னையப் பாக்குறாங்க. நான் தலையக் குனிஞ்சுக்குவேன். எனக்கும் இப்பல்லாம் ஸ்கூலுக்குப் போகவே புடிக்கலடி.”

அவள் போன பிறகு ஒரு பனியனின் கழுத்துப் பட்டியையே வெட்டிவிட்டேன். உடம்பு இங்கே கத்தரியோடு உட்கார்ந்திருக்கிறது. என்னில் இன்னொருத்தியை அங்கே தினமும் நிறுத்திவைத்துச் சிரிக்கிறார்கள். நான் விட்டுவிட்டு வந்தது பள்ளிக்கூடத்தை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாஸ்மின் சொன்னதை அம்மாவிடம் எழுதிக் காட்டினேன். பக்கத்து ஊர் அரசுப் பெண்கள் பள்ளிக்கு விழிப்பு இன்னும் வரவில்லை. அம்மா அங்கே போய் விசாரித்து வந்தாள். இந்த மாதத்துக்குள் டீசி கொண்டுவந்தால் முழு ஆண்டுத் தேர்வை அங்கேயே எழுதலாம். இல்லாவிட்டால் ஒரு வருடம் போயிற்று. “ஒரு வருசம் போனா நீ திரும்பிப் போக மாட்ட. எனக்குத் தெரியும். நானும் அப்புடித்தான் ஒரு வருசம்னு நின்னேன்” என்றாள்.

இரண்டு பேரும் டீசி வாங்கப் போனோம்.

குழந்தைவேலு சார் எங்களை உட்காரச் சொல்லி, டீ கூட வரவழைத்தார். அவர் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு பெரிய திரை. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பச்சைக் கம்பம். எங்கள் வகுப்பான ஒன்பது ‘பி’ பாதி உயரத்தில் இருந்தது.

“எதுக்குங்கம்மா டீசி? பொண்ணு எப்ப வேணா வரட்டும். நாங்க பேரே எடுக்கலையே” என்றார்.

“பேர எடுங்கன்னு சொல்லத்தானுங் வந்தோம்.”

“எடுத்து என்னங் ஆகப்போகுது? வரலைன்னாலும் பரவால்ல. பேரு அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். அதுக்கென்ன சோறா போடப் போறோம்?” அவர் தம் பகடிக்குத் தாமே சிரித்தார்.

“வேற பள்ளிக்கூடத்துல சேக்கோணுங்.”

“அங்கெல்லாம் என்னங் இருக்குது? நம்ம ஒன்பது ‘பி’ மாவட்டத்துல முதல்...” சொல்லிக்கொண்டே அவர் திரையைப் பார்த்தார். ஒன்பது ‘பி’ கம்பம் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. கால் வாசிக்கு வந்தது. சார் பேச்சை நிறுத்தினார். கொஞ்சம் காத்திருந்தார். கம்பம் சட்டென்று துள்ளி உச்சிக்குப் போனது.

“பாத்தீங்களா! எப்படித் தூக்கிட்டாங்க பாருங்!” என்றார்.

மேல்மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் மெல்லியதாகக் கேட்டது. என் டீ தட்டில் சிந்தியது. அம்மா திரையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“இப்ப எம்புள்ள பேரத்தானுங் கூப்புட்டாங்க?”

சார் டீ டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“ஏனுங், எம்புள்ள இங்க உக்காந்திருக்கறா. அவ உங்களுக்கு வேண்டாம். அவ பேரு மட்டும் வேணுமுங்களா? நான் பத்து மாசம் சொமந்து, பேரு வெச்சு, காது குத்தி வளத்துனது நீங்க லைட்டு எரிய வெக்கறதுக்குங்களா?”

“சத்தம் போடாதீங்கம்மா. கம்ப்யூட்டர்ல பேரு பூட்டியிருக்குது. வகுப்பு டீச்சர் சாந்தாமணி கைரேகை வெச்சாத்தான் விடும். என் கையில ஒண்ணுமில்ல.”

“சரிங், நான் போயி டீச்சரக் கேக்கறேன்.”

“வகுப்பு நேரத்துல பெத்தவங்க மேல போகக் கூடாதுங்.” அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். “பொண்ணு வேணா போயிக் கேக்கட்டும். அது வாயத் தொறந்து கேட்டு டீச்சர் குடுத்துட்டா, நான் குறுக்க நிக்க மாட்டேன்.”

நான் கேட்க மாட்டேன் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. விழிப்பு அவரிடம் என்னைப் பற்றி எல்லாமே சொல்லியிருக்கும்.

அம்மா என் முதுகில் கை வைத்தாள். தள்ளவில்லை. வெறுமனே வைத்தாள்.

படியேறினேன். ஒன்பது ‘பி’ கதவு பாதி திறந்திருந்தது. ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சில் என் இடம் காலியாக இருந்தது. துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்கள். பக்கத்தில் யாஸ்மின் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். விளக்கு இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. சிரிப்பு அடங்கிக்கொண்டிருந்தது. சாந்தாமணி டீச்சர் வகுப்புக்கு முதுகைக் காட்டிப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். தேர்வுக்குத் திருப்புதல். ‘பனிக்கட்டியின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியை விட அதிகம். எனவே அது மிதக்கிறது.’

அதிகம் என்றால் எப்படி மிதக்கும்? மூழ்கிப் போகும். வகுப்பில் எல்லோரும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் கூடக் கேட்கவில்லை. விளக்கு பச்சையாக இருந்தது.

என் கை தானாக உயர்ந்தது. கதவில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

டீச்சரின் சாக்பீஸ் நின்றது. அவர் உடனே திரும்பவில்லை. தோள் மட்டும் இறங்கியது. “ஆரோ... கதவத் தட்டறாங்க” என்றார், பலகையைப் பார்த்தபடியே. பிறகு திரும்பினார்.

வகுப்பும் திரும்பியது. யாரும் சிரிக்கவில்லை. விளக்கு உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது.

“புடிச்சுட்ட பாத்தியா?” என்றார் டீச்சர். “நீ போனதுலருந்து தினம் ஒரு தப்பு எழுதறேன் கண்ணு. தினம் காதுல கத்துது. சிவப்பு விழுது. விழட்டும்னுதான் எழுதறேன். இதுங்க ஒண்ணு கூடக் கண்டுபுடிக்கல. எல்லாக் கண்ணும் உன்ற சீட்டு மேலதான்.”

அவர் அதைச் சொன்னபோது நான் இளகிப் போவேன் என்று நினைத்திருப்பார். எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. சிவப்பு விழட்டும் என்று தப்பு எழுதத் தைரியம் இருந்திருக்கிறது. என் பெயரைக் கூப்பிடாமல் இருக்க மட்டும் இல்லை.

“எம்பேரக் குடுங்க டீச்சர்” என்றேன்.

அத்தனை பேர் பார்க்கையில் என் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்தது அதுதான் முதல் தடவை. கோபம் தொண்டை வழியாக வருவதில்லை போலிருக்கிறது. அதற்கு வேறு வழி இருக்கிறது.

டீச்சர் மேசையிலிருந்த டேப்லெட்டை எடுத்தார். என் பெயரைத் தேடினார். கட்டை விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அவர் முகம் மாறியது. டேபை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

‘இந்த மாணவி வகுப்பின் கவனத்துக்கு இன்றியமையாதவர். விடுவிக்க, மாற்றுப் பெயரைத் தேர்ந்தெடுக்கவும்.’ கீழே அதுவே சில பெயர்களைச் சிபாரிசு செய்திருந்தது. முதல் பெயர் யாஸ்மின்.

யாஸ்மின் இருந்த இடத்துக்கு டேப் திரை தெரியாது. ஆனால் எங்கள் இரண்டு பேரின் கண்ணும் தன் பக்கம் போனது தெரிந்தது. கழுத்திலிருந்த அட்டையைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“என்னால முடியல” என்றார் டீச்சர் மெதுவாக. “ஆரு பேரப் போடட்டும்? நீயே சொல்லிரு.”

அதையும் என்னிடமே கேட்டார்!

தீபன் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. அவ்வளவு சுலபமாக எந்தச் சொல்லும் எனக்கு வந்ததில்லை. தீபன். மூன்றே எழுத்து. அவனுக்கும் தெரிந்துவிட்டது போல. முகம் வெளுத்து, தண்ணீர் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். சிரிப்பை ஆரம்பிப்பவன் எப்போதும் அவன்தான். சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவனுக்கும் ஒரு முறை தெரியட்டுமே என்று இருந்தது.

ஆனால் அந்தப் பட்டியலில் அவன் பெயரும் ஒரு பிள்ளையின் பெயர்தான்.

“உங்க பேரு” என்றேன்.

“என்ன?”

“உங்க பேரப் போடுங்க டீச்சர்.”

“இதுல ஸ்டூடண்ட் பேருதான் வரும் கண்ணு. டீச்சர் பேரு வராது.”

“அப்ப நீங்களும் ஒரு அட்மிசன் போட்டுக்குங்க டீச்சர்!” என்று தீபன் கத்தினான். பயம் விலகியதும் வாய் வந்துவிட்டது அவனுக்கு. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து டேபைத் தட்டத் தொடங்கினார். ‘புதிய சேர்க்கை’. பெயர் சாந்தாமணி. அப்பா பெயர் கேட்டது, போட்டார். பிறந்த நாள் கேட்டது, அதையும் உள்ளபடியே போட்டார். அதற்கு எதுவும் விநோதமாகப் படவில்லை. ஐம்பது வயது தாண்டிய ஒன்பதாம் வகுப்பு மாணவியை அது ஏற்றுக்கொண்டது. அதற்குத் தேவை ஒரு பெயர். மாற்றுப் பெயர் இருந்த இடத்தில் அவர் தம் பெயரை வைத்தார். கட்டை விரலை அழுத்தினார். டேபில் மணி ஒலித்தது.

“கீழ ஆபீசுல டீசி அச்சாகி வந்துரும்” என்றார்.

யாஸ்மின் அட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

நான் கிளம்பியிருக்கலாம். கால் நகரவில்லை. அதுவரை நடந்ததில் உச்சியிலிருந்த விளக்கு, இனி ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் இறங்க ஆரம்பித்தது. முக்காலுக்கு வந்தது. பாதிக்கு வந்தது. அதற்கும் கீழே போனது. டீச்சரின் கை காதுக்குப் போனது. அவர் கண்களை மூடித் திறந்தார்.

“சாந்தாமணி, எந்திரி” என்றார் தாமே.

நடந்து வந்து என் இடத்தில், யாஸ்மினுக்குப் பக்கத்தில் நின்றார். யாஸ்மின் பதறி நகர்ந்து இடம் விட்டாள். டீச்சர் தீபனைப் பார்த்து, “கேளுடா” என்றார்.

“என்னத்தங் டீச்சர்?”

“தெரியாத மாதிரி கேக்காத. கேளு.”

தீபன் எழுந்தான். “பனிக்கட்டி ஏன் தண்ணியில மெதக்குது?”

டீச்சர் வாயைத் திறந்தார். பதில் தெரியாதவர் அல்ல. முதலில் அவர் நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பியபோது அவர் கழுத்து நரம்பு துடித்ததைப் பார்த்தேன். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அந்த அசைவு எனக்குத் தெரியும். அதை நடிக்க முடியாது.

எங்கிருந்தோ ஒரு குரல், யாருடையது என்று தெரியவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது. “வாயில என்ன கொழுக்கட்டையா?”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. பச்சை எகிறி உச்சிக்குப் போனது. கீழே குழந்தைவேலு சார் திரையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார்.

சிரிப்புக்கு நடுவே சாந்தாமணி டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையைத் திருப்பி, கதவருகே நின்ற என்னைப் பார்த்தார்.

“போறப்ப எதாச்சும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ கண்ணு” என்றார்.

என்னிடம் வார்த்தை இருந்தது. ஒன்றல்ல, நிறைய இருந்தன. தொண்டையில் எதுவும் அடைத்துக்கொள்ளவும் இல்லை. இந்த முறை கேட்டவர் காத்திருந்தார், வகுப்பு காத்திருந்தது, விளக்கும் காத்திருந்தது.

பலகையில் ‘அதிகம்’ என்ற சொல் அப்படியே இருந்தது. உள்ளே போய் அதை மட்டும் கையால் அழித்தேன். பிறகு அவரைத் தாண்டி, என் இடத்தைத் தாண்டி வெளியே வந்து படியிறங்கினேன்.